பங்குபோட்ட அடி

முதலில் சத்தம்தான் கேட்டது. முற்றின தேங்காயைப் படிக்கல்லில் ஓங்கி உடைத்தால் வருமே, அப்படி ஒரு சத்தம். கேட்ட மாத்திரத்தில் ஞானசிகாமணிக்கு, விடுதிச் சமையற்காரி பாக்கியலீலா மதியக் குழம்புக்குத் தேங்காய் உடைக்கிறாள் என்றுதான் பட்டது, வறுத்தரைத்த தீயலாக இருந்தால் நன்றாயிருக்குமே என்று நாக்கில் எச்சில்கூட ஊறியது. ஆனால் அந்தச் சத்தம் சமையற்கட்டுப் பக்கமிருந்தும் வரவில்லை, ஜன்னல் வழியாகவும் வரவில்லை, தன் மண்டையோட்டுக்குள்ளேயே கேட்டது என்பது, கையில் விரித்து வைத்திருந்த வேதாகமத்தின்மேல் சொட்டென்று ஒரு சிவப்புத் துளியும் அதன்மேல் இன்னொன்றும் விழுந்து ஏதோவொரு ராஜாவின் பெயரை மூடின பிறகுதான் அவருக்கு உறைத்தது. இடது புருவத்தைத் தொட்டுப் பார்த்தார். விரல் உள்ளே போனது.

நிமிர்ந்தால், வகுப்பில் இருந்த அத்தனை பேருக்கும் இடது புருவம் பிளந்திருந்தது. ஒருவரும் அலறவில்லை. பக்கத்திலிருப்பவனிடம் "ஏல, ஒனக்கு ரத்தம் வருது" என்று சொல்ல ஒவ்வொருவனும் வாயெடுத்து, அவனும் தன்னிடம் அதையே சொல்ல வாயெடுப்பதைக் கண்டு, சொல்லாமல் உட்கார்ந்திருந்தான். வெள்ளைச் சட்டைகளின் காலருக்குள் ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது.

பெனியேல்விளை வேதாகமக் கல்லூரி, செம்மணல் மேடான தேரியின் விளிம்பில், பனைகளுக்கு நடுவே இருந்தது. சிகாமணி அங்கே பழைய ஏற்பாடு சொல்லிக்கொடுப்பவர், விடுதிக்கு வார்டனும்கூட. புருவத்தைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு அவர் முற்றத்துக்கு ஓடியபோது, நூலகத்திலிருந்தும், ஜெப அறையிலிருந்தும், கக்கூஸிலிருந்தும், ஒரே நாற்காலிக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டிருந்த முதல்வர் அறையிலிருந்தும் எல்லாரும் இடது புருவத்தைப் பொத்திக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள், என்னமோ முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்ட மாதிரி. பூவரச மரத்தடியில், மணிக்குப் பதிலாகக் கட்டித் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டுக்குக் கீழே, பாட்டு வாத்தியார் அருமைநாயகம் மல்லாந்து கிடந்தார். அவர் தலைமாட்டில், மணியடிக்கிற இரும்புக் கம்பியைப் பிடித்தபடி கடைசி வருஷ மாணவன் ரோபான் நின்றான். அவன் புருவமும் பிளந்து ரத்தம் கண்ணில் இறங்க, தன்னை யார் அடித்தது என்று சுற்றுமுற்றும் பார்த்தான்.

நாயகம் கண்ணைத் திறந்தார். குனிந்திருந்த சிகாமணியின் முகத்தைப் பார்த்தார்.

"என்ன வே," என்றார், "ஒமக்கும் ஒடஞ்சிட்டா?"

சண்டை இதுதான். முதல்வர் வேதமாணிக்கம் ஐயாவின் காலம் முடிந்துவிட்டது என்று தாளாளர் துரைப்பழம் சொன்னார். முடியவில்லை என்று வேதமாணிக்கம் ஐயா சொன்னார். இருவரும் கோர்ட்டுக்குப் போய் இருவருமே ஏதோ ஒரு தாளோடு திரும்பி வந்தார்கள். துரைப்பழம் ஒரு வண்டியில் இன்னொரு நாற்காலியை ஏற்றிக்கொண்டு வந்து முதல்வர் அறையில் எதிரும் புதிருமாகப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அன்றிலிருந்து கிழக்கு விடுதி முதல்வர் கட்சி, மேற்கு விடுதி தாளாளர் கட்சி. காலை ஜெபம் இரண்டு, பாட்டு இரண்டு, ஆமென் இரண்டு, ஒரு கட்சி கண்ணை மூடினால் மறு கட்சி பாட ஆரம்பிக்கும். மணியை மட்டும் நாயகம் பழையபடியே அடித்துவந்தார். மேற்கு விடுதிக்காரன் ரோபான் வந்து, "தாளாளர் உத்தரவு இல்லாம மணியத் தொடாதிய" என்றிருக்கிறான். "இது காப்பிக்கு அடிக்க மணிடே. காப்பி எந்தக் கட்சில?" என்று நாயகம் சிரித்திருக்கிறார். சிரித்ததுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

அன்று காயம் படாதவர்கள் இரண்டே பேர். ஆலயத்தில் ஏணிமேல் நின்று காற்றாடியைச் சரிபண்ணிக்கொண்டிருந்த டவுன் எலக்ட்ரீஷியன் ஒருவன். அவன் ஏணியைவிட்டு இறங்கவே மாட்டேன் என்று கத்தினான். அன்றைக்குக் காலை பஸ்ஸில் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கிய புது மாணவன் இன்னொருவன். எல்லாருக்கும் வந்தது தனக்கு மட்டும் வராததைப் பார்த்து, தன்னைக் கர்த்தர் அழைக்கவே இல்லையோ என்று பெட்டிமேல் உட்கார்ந்து அழுதான். அவன் இன்னும் மெஸ் குழாயடியில் ஒரு தட்டுக்கூடக் கழுவியிருக்கவில்லை. அதை வைத்துத்தான் விஷயம் எல்லாருக்கும் பிடிபட்டது.

பெனியேல்விளையில் தன் தட்டைத் தான் கழுவக் கூடாது. கல்லூரியைத் தொடங்கின வெள்ளைக்காரத் துரைச்சாணியம்மாள் காலத்துச் சட்டம் அது. ஊழியத்துக்குப் படிக்க வந்த பையன்கள் ஆளுக்கொரு தட்டும் ஆளுக்கொரு மூலையுமாக, சாதிக்கொரு அடுப்பு கேட்டு நின்றபோது, அந்த அம்மாள் அடுப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், சாப்பிட்டு எழுந்ததும் அவனவன் வலது பக்கத்தில் இருந்தவன் தட்டை இவன் கழுவ வேண்டும் என்று மட்டும் சொன்னாளாம். முதல் நாள் பாதிப் பேர் ஊருக்கு ஓடினார்கள், ஒருவன் குழாயடியிலேயே குடலைப் புரட்டி வாந்தியெடுத்தான், ஒருவன் தட்டைச் சுழற்றித் தேரிக்குள் வீசினான். மிஞ்சினவர்கள் கழுவினார்கள். அப்புறம் அது பழக்கமாகி, பழக்கம் மறந்துபோய், மூச்சுவிடுவது மாதிரி ஆனது. முதல்வரும் தாளாளரும் கழுவினார்கள், சமையற்கட்டில் நின்றவர்களும் கழுவினார்கள். வந்து போன பிஷப்மாரும் அங்கியை மடக்கிச் செருகிக்கொண்டு கழுவினார்கள்.

சிகாமணியும் நாயகமும் ஒரே வருஷம் வந்து சேர்ந்தவர்கள். சிகாமணியின் ஊரில் நாயகத்தின் ஆட்களுக்குத் தண்ணீர் எடுக்கக் கிணறு வேறு, கோயிலில் உட்காரப் பாய் வேறு, கல்லறைத் தோட்டத்தில்கூட ஒரு சுவர் உண்டு. முதல் நாள் சாப்பாட்டில் நாயகம் வந்து அவருக்கு வலது பக்கமாக உட்கார்ந்துவிட்டார். குழாயடியில் சிகாமணி அந்தத் தட்டை இரண்டு விரல் நுனியால் தூக்கினார். நாயகம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "என்ன வே, பாம்பையா புடிக்கீரு? நல்லாப் பிடியும், கடிக்காது" என்றார். அன்றைக்கு ராத்திரி சிகாமணி சோப்புப் போட்டுப் போட்டுக் கையைக் கழுவியதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மறுநாளும் நாயகம் அதே இடத்தில் உட்கார்ந்தார். அதற்கடுத்த நாளும். படிப்பு முடிந்து, இருவரும் அங்கேயே வாத்தியார்களாகி, தலை நரைத்து, சிகாமணியின் மனைவி இறந்து, நாயகம் கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்ட அத்தனை வருஷமும் இடம் மாறவில்லை. நாயகத்தின் தட்டில் எந்த இடத்தில் நெளிவு, எந்த ஓரத்தில் பருக்கை ஒட்டும் என்று சிகாமணியின் கை அறியும்.

அத்தனை வருஷம் அத்தனை பேர் எச்சில் அத்தனை கைகளில் ஏறி இறங்கியதில், அடியும் அந்த வழியே போக வரப் பழகிவிட்டது. அவ்வளவுதான். ஊரில் யாரும் இதற்குமேல் காரணம் கேட்கவில்லை.

டவுன் மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வரிசையாக உட்காரவைத்து எல்லாப் புருவத்தையும் தைத்தாள். நாயகத்தின் எக்ஸ்ரே படத்தை மட்டும் வெளிச்சத்துக்கு நேரே வெகுநேரம் பிடித்துப் பார்த்தாள்.

"இந்தக் கம்பி எறங்குன வேகத்துக்கு ஐயா இப்பப் பேசிக்கிட்டு இருக்கப் படாது," என்றாள். "ஒத்த மண்டைல முழுசா விழுந்திருந்தா பொட்டி வாங்கத்தான் போயிருக்கணும். என்னமோ பங்காயிருக்கு."

"பந்தி பெருசுல்லாம்மா," என்றார் நாயகம். "ஆளுக்கொரு கரண்டி."

அன்று சாயங்காலமே ஃபோன்கள் வர ஆரம்பித்தன. படித்து முடித்துப் போனவர்கள். கொல்லிமலையில் ஊழியம் செய்கிற கனகதாஸ், அந்தமானில் இடுப்பளவுக் கடல் தண்ணீரில் ஒருவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டிருந்தபோது புருவம் பிளந்து அந்த ஆளையும் தண்ணீரையும் சிவப்பாக்கிவிட்ட ஒரு போதகர், கோயம்புத்தூரில் ஓய்வுபெற்றுப் பேரப்பிள்ளைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்த ஒரு முதியவர். எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "அங்க யாருக்கு என்ன ஆச்சு?" ஒருவர்கூட எனக்கு என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. அதை நினைத்து சிகாமணி சிரித்தார், தையல் இழுத்தது.

ஊர் இதைச் சீக்கிரமே பழகிக்கொண்டது. இன்ஸ்பெக்டர் வந்தார், அடித்தவனுக்கும் காயம், அடிபட்டவனுக்கும் காயம், சாட்சிக்கும் காயம், பனைமட்டை விழுந்ததாக எழுதிக்கொண்டார். "எல்லார் தலையிலுமாய்யா?" என்று ஏட்டையா கேட்டதற்கு, "பனை நெறைய நிக்கில்லா" என்றார். மருந்துக் கடைக்காரர் பிளாஸ்திரியைச் சோப்புக்கு முன்னால் எடுத்து வைத்தார். பஸ் கண்டக்டர், புருவத்தில் தழும்போடு ஏறுகிறவனிடம் ஊர் கேட்காமலே பெனியேல்விளைக்கு டிக்கெட் கிழித்தார். டீக்கடையில் யாராவது சும்மா சொறிந்துகொண்டால், "கல்லூரில எவனையோ கொசு கடிச்சிட்டு" என்று சிரித்தார்கள். பாக்கியலீலா அரிவாள்மணையில் விரலை வெட்டிக்கொண்டால் வகுப்பில் எல்லாரும் ஒரே நேரத்தில் விரலை வாயில் வைப்பார்கள். "கைய வெலக்கிப் பிடிங்கக்கா, இங்க பாடம் நடக்கு," என்று மாணவர்கள் ஜன்னல் வழியே கத்துவார்கள். "நீங்க வந்து வெங்காயம் உரிங்கல, கண்ணீரும் பங்காகுதான்னு பாப்போம்," என்பாள் அவள்.

இனிமேல் சண்டை நின்றுவிடும் என்று எல்லாரும் நினைத்தார்கள். அடிப்பவனுக்கே அடி விழுகிற இடத்தில் எவன் கை ஓங்குவான்? ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் நாற்பது நாளும் அப்படித்தான் போனது. இரண்டு நாற்காலிகளும் ஒன்றையொன்று முறைத்தபடி சும்மா இருந்தன.

அப்புறம் ரோபானுக்கு ஒரு யோசனை வந்தது.

வேதமாணிக்கம் ஐயா சர்க்கரைக்காரர், புண் ஆறாது. புருவத் தையலே அவருக்கு இன்னும் சீழ் கட்டிக்கொண்டிருந்தது. ஒருநாள் காலை ஜெப வேளையில் ரோபான் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றான், சட்டைக் கையை மடக்கினான், சவரப் பிளேடால் தன் முன்கையை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஒரு கோடு இழுத்தான். எதிரியை அவன் தொடவே இல்லை. உள்ளே ஜெபத்தில் முழங்காலிலிருந்த பெரியவர், கையைப் பிடித்துக்கொண்டு பாயில் சரிந்தார். கல்லூரி முழுக்க, சமையற்கட்டில், குளியலறையில், பாட்டு வகுப்பில், எல்லார் கையும் திறந்தது.

மறுநாள் கிழக்கு விடுதிக்காரர்கள் பதிலுக்குச் செய்தார்கள். துரைப்பழம் ஆர்மோனியம் வாசிப்பதில் பேர் போனவர். ஒருவன் தன் இடது சுண்டுவிரலைக் கதவிடுக்கில் வைத்துக் கதவை அறைந்தான். அன்றிலிருந்து பெனியேல்விளையில் எல்லாருக்கும் இடது சுண்டுவிரல் ஒரே பக்கமாகக் கோணிக்கொண்டது. பிறகு நெருப்பு வந்தது, கொதிக்கிற வடிகஞ்சி வந்தது. தாளாளர் கோர்ட்டுக்குக் கிளம்ப வேண்டிய நாளில் கிழக்கு விடுதியில் ஒருவன் படிக்கட்டின் உச்சியிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு குதித்துத் தன் முழங்காலை உடைத்துக்கொண்டான். துரைப்பழம் காருக்கு எட்டு வைக்கும்போதே கால் மடங்கி விழுந்தார், ஓட்டுநர் சும்மா நின்றுகொண்டிருந்தான். அடுத்தவன்மேல் உள்ள கோபத்தில் தன்னை அடித்துக்கொள்ள அதுவரை அவர்களுக்குத் தெரியாமல் இருந்தது, கற்றுக்கொண்ட பிறகு அதைப்போலச் சுலபமானது வேறில்லை என்று கண்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு, துதித்துக்கொண்டு, ஒருவர் சதையை ஒருவர் தங்கள் உடம்பில் தேடித் தேடிக் கிழித்தார்கள்.

நடக்கத் தெரிந்தவர்கள் எல்லாம் நொண்டிக்கொண்டிருந்த அந்த வாரத்தில் கொல்லிமலையிலிருந்து ஃபோன் வந்தது. பேசியது கனகதாசின் மனைவி. முழங்கால் உடைந்தபோது கனகதாஸ் பாறை வழியில் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறார். பள்ளத்தில் கிடந்தவரை மலைக்காரர்கள் தொட்டில் கட்டித் தூக்கி வந்திருந்தார்கள்.

"ஐயா," என்றாள் அவள், "நீங்க சண்டை போட்டுக்கிடுங்க. வேண்டாங்கல. எங்க வீட்டுக்காரர் கால மட்டும் விட்டுருங்க."

சிகாமணி ஃபோனை வைத்துவிட்டு அங்கேயே நின்றார். கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த பாக்கியலீலா, கரண்டியை நிறுத்தி, எல்லாருக்கும் தெரிந்தும் யாரும் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டாள்.

"வார்டனையா, இதுல ஒருத்தரு செத்தா என்னய்யா ஆகும்?"

இரண்டு நாற்காலிகளும் முதன்முறையாக ஒரே பக்கம் திரும்பியது அந்தக் கேள்விக்குத்தான். வேதமாணிக்கம் ஐயா கட்டுக்கட்டிய கையோடும், துரைப்பழம் மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒருமனதாக முடிவெடுத்தார்கள்: இனி அவனவன் தட்டை அவனவன் கழுவ வேண்டும். எச்சில் நின்றால் அடியும் நிற்கும். வார்டன் அறிவிக்க வேண்டும்.

சிகாமணி மெஸ்ஸில் எழுந்து அறிவித்தார். சொல்லும்போது கனகதாசின் முழங்காலை நினைத்துக்கொண்டார், பிள்ளைகளின் கோணல் விரல்களை நினைத்துக்கொண்டார், செய்வது சரிதான் என்று நினைத்துக்கொண்டார். சொல்லி முடித்து உட்கார்ந்ததும் வலது பக்கத்திலிருந்து நாயகம் கேட்டார்.

"நானும் ஏங்கையால கழுவணுமோ?"

"எல்லாருக்கும்தான் வே சொன்னேன்."

"நான் ஏன் சாகலன்னு டாக்டரம்மா சொன்னத நீரும் கேட்டீருல்லா."

"ஒருத்தன் செத்தா அம்புட்டுப் பேரும் சாவணும், அதையும் யோசியும்."

"அம்புட்டுப் பேரு பிடிச்சா எவன் வே சாவான்?" என்று நாயகம் சோற்றைப் பிசைந்தார். "தனியா விட்டாத்தான் சாவான்."

சிகாமணி எழுந்து போய்த் தன் தட்டைக் கழுவினார். அது கனமே இல்லாமல் இருந்தது. தன் தட்டைத் தான் கழுவி அவருக்குப் பழக்கமில்லை. எங்கே பருக்கை ஒட்டும் என்று கைக்குத் தெரியவில்லை, தண்ணீரை அதிகம் ஊற்றினார்.

நாயகம் தன் தட்டைக் கழுவவில்லை. பிடிவாதமாகவும் இல்லை, கோபமாகவும் இல்லை. சாப்பிட்டுக் கையலம்பிவிட்டு, தட்டை வழக்கம்போலக் குழாயடித் திட்டில் வைத்துவிட்டுப் போனார். மற்றவர்கள் தட்டைக் கழுவக் கேட்டுக் கைநீட்டினார், யாரும் கொடுக்கவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு அதே தட்டை, மத்தியானக் குழம்பு காய்ந்து கறுத்த அதே தட்டை எடுத்துக்கொண்டு வந்து அதிலேயே சோறு வாங்கினார். மறுநாளும் அதே தட்டு. ஈ வந்தது. மாணவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். "பாட்டு சாருக்கு நேத்து ரசம், முந்தாநாள் புளிக்கொழம்பு, எல்லாம் ஒரே தட்டுல" என்று கிழக்கும் மேற்கும் ஒன்றாகச் சிரித்தன. பாக்கியலீலா பொறுக்காமல் கழுவப் போனபோது துரைப்பழம் ஆள் விட்டுத் தடுத்தார். சிகாமணியின் கை தினமும் ஒருமுறை அந்தத் தட்டுவரை போகும். பள்ளத்தில் கிடந்த கனகதாஸ் ஞாபகம் வரும். கை திரும்பிவிடும்.

கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போனது. பாக்கியலீலா விரலை வெட்டிக்கொண்டபோது மற்றவர்களுக்கு ரத்தம் வரவில்லை, ஒரு கோடு சிவந்தது. அப்புறம் சிவக்கவும் இல்லை, எறும்பு கடித்த மாதிரி இருந்தது. அப்புறம் அவள் "ஐயோ" என்று கத்தியபோது யாருமே நிமிர்ந்து பார்க்கவில்லை. சோதித்துப் பார்க்க ரோபான் வேதமாணிக்கம் ஐயாவின் வாசலில் மறுபடி பிளேடை இழுத்தான். அவன் மட்டும் துடித்தான், உள்ளே பெரியவர் சத்தமாக வாசித்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு இரண்டு விடுதிகளிலும் ஸ்தோத்திர ஆராதனை வைத்தார்கள். அவனவன் உடம்பு அவனவனுக்குத் திரும்பக் கிடைத்ததற்காகக் கண்ணீரோடு நன்றி சொன்னார்கள்.

அதற்குப் பிறகு எல்லா ஊரிலும் போடுகிற மாதிரியே சண்டை போட்டார்கள். செங்கல், சைக்கிள் செயின், பிறகு வெளியாட்கள். டவுனிலிருந்து வேன்களில் வந்து இறங்கினவர்களுக்குக் கல்லூரியும் தெரியாது, கர்த்தரும் தெரியாது, எந்த நாற்காலி யாருடையது என்பதும் தெரியாது. விடுதிக் கதவுகள் உடைந்தன. நூலகத்தில் ஒரு அலமாரி எரிந்தது. ஒருவன் காது பாதி தொங்கியது, அது அவனுக்கு மட்டும் தொங்கியது, மற்றவர்கள் அவனைச் சுற்றி நின்று, எப்படி வலிக்கிறது என்று கேட்டார்கள்.

சிகாமணி வகுப்பை மட்டும் விடவில்லை. கலவரத்துக்குப் பயந்து பாதிப் பேர் வராத ஒரு முற்பகலில், கதவைத் தாழிட்டுக்கொண்டு, மிச்சமிருந்தவர்களுக்கு ஒரு ராஜா தன் மகனிடமிருந்து தப்பி வெறுங்காலோடு மலையேறின கதையை வாசித்துக்கொண்டிருந்தார். அப்போது சத்தம் கேட்டது. முற்றின தேங்காயைப் படிக்கல்லில் ஓங்கி உடைத்தால் வருமே, அப்படி ஒரு சத்தம்.

அவர் வாசிப்பை நிறுத்தினார். கை தானாக எழுந்து இடது புருவத்தைத் தொட்டது. பழைய தழும்பு தட்டுப்பட்டது. விரலைப் பார்த்தார். காய்ந்திருந்தது. வகுப்பில் இருந்த எல்லாருமே புருவத்தைத் தொட்டார்கள், எல்லாருமே விரலைப் பார்த்தார்கள், எல்லா விரலும் காய்ந்திருந்தது.

"தேங்காய்," என்றார் சிகாமணி.

நெடுநாளைக்கப்புறம் எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். அவர் பாடத்தைத் தொடர்ந்தார். ராஜா மலையேறி முடித்தான், அழுது முடித்தான், அடுத்த அதிகாரமும் வந்தது. சோற்று மணி இன்னும் அடிக்கவில்லையே என்று ஒருவன் முனகினான். வயிறு காந்தினது. வெயில் ஜன்னலை விட்டுச் சுவருக்கு ஏறியது. கடைசியில் கதவைத் தட்டியது பாக்கியலீலா.

"சோறு ஆறி வெறச்சிப் போச்சுய்யா. நாயகம் ஐயா ஏன் இன்னும் மணியடிக்கல?"

சிகாமணி அவளையே பார்த்தார். "இன்னிக்கு என்ன கொழம்பு?"

"கொழம்பு எங்கய்யா? பருப்பும் ரசமும்தான்."

"தேங்காய் ஒடச்சியா?"

"தேங்காய்க்கு எங்க போக? கலவரத்துக்குப் பயந்து சமையற்கட்ட உள்ள பூட்டிக்கிட்டுல்லா இருந்தேன்."

தேரி மண் சிவப்பு. எதுவரை மண், எதிலிருந்து ரத்தம் என்று கண்ணுக்குத் தெரியவில்லை, மிதித்த பிறகு காலுக்குத்தான் தெரிந்தது. பூவரச மரத்தடியிலிருந்து வகுப்பறைப் பக்கமாக ஒரு உடம்பு நகர்ந்து வந்த தடம் இருந்தது. அதன் முடிவில், வகுப்பறைச் சுவரிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், கம்பியைக் கையில் பிடித்தபடி அருமைநாயகம் குப்புறக் கிடந்தார். இழைபோல மூச்சு இருந்தது. சிகாமணி அவரைத் திருப்பி மடியில் போட்டு, "வே, நாயகம், இங்க பாரும் வே, என்னயப் பாரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், கார் வரும்வரை சொன்னார், காரிலும் சொன்னார்.

"எப்ப அடிபட்டுது?" என்று டாக்டரம்மா கேட்டாள்.

"தெரியல."

அவள் நிமிர்ந்து சிகாமணியின் புருவத்தைப் பார்த்தாள், பின்னால் நின்ற மாணவர்களின் புருவங்களைப் பார்த்தாள், ஒரே அச்சில் வார்த்த அந்தத் தழும்புகள் ஒவ்வொன்றையும். எல்லாம் ஆறிப்போன பழைய தழும்புகள்.

"ஒங்களுக்கா தெரியல?" என்றாள்.

அதற்கு அவர் பதில் சொல்வதற்குள் நாயகம் போய்விட்டார். யாருக்கும் மூச்சு முட்டவில்லை. யாருக்கும் நெஞ்சை அடைக்கவில்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்ற அத்தனை பேரும் நலமாக, நல்ல உடம்போடு நின்றார்கள். கொல்லிமலையிலிருந்தோ அந்தமானிலிருந்தோ ஒரு ஃபோன்கூட வரவில்லை. சிகாமணிதான் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது, ஒவ்வொருவரும், "எப்ப?" என்று கேட்டுவிட்டு, பிறகு தங்கள் உடம்பைத் தடவிப் பார்க்கிற சத்தம் அவருக்குக் கேட்டது.

பெட்டியில் கிடத்தியபோது நாயகத்தின் நெற்றியில் இரண்டு காயங்கள் இருந்தன. ஒன்று எல்லாருக்கும் இருந்தது. அதன் பக்கத்தில் அகலமாக, ஆழமாக, அவருக்கு மட்டுமாக இன்னொன்று.

இரண்டு கட்சியும் வந்தன. அடித்தது வெளியாள் என்று இரண்டு கட்சியும் சொல்லின, யார் கூட்டிவந்த வெளியாள் என்பதில்தான் தகராறு. இரண்டு ஜெபம் ஏறெடுத்தார்கள். இன்ஸ்பெக்டர் இந்தத் தடவை பனைமட்டை என்று எழுதவில்லை. "இப்பத்தான்யா கேசு கேசா இருக்கு," என்று ஏட்டையாவிடம் சொன்னார், "செத்தவன் ஒருத்தன், மத்தவனுக்கெல்லாம் ஒண்ணுமில்ல." கல்லூரியை மறு உத்தரவு வரும்வரை மூடுவதென்று ஒரு தாள் வாசற்கதவில் ஒட்டப்பட்டது.

அடக்கம் முடிந்து வந்தவர்களுக்குப் பாக்கியலீலா கஞ்சி காய்ச்சியிருந்தாள். அதுதான் அந்த மெஸ்ஸில் கடைசிப் பந்தி. அவனவன் தள்ளித் தள்ளி உட்கார்ந்தான். சிகாமணி தன் இடத்தில் உட்கார்ந்தார், வலது பக்கம் காலியாகக் கிடந்தது. யாரோ வந்து அதில் உட்கார்ந்த அரவம் கேட்டு, நிமிராமலே, தட்டுக்கு மேலாக அந்தக் கையைப் பார்த்தார்: மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை இரண்டு பிளேடுக் கோடுகள். முதல் கோடு அவர் கையிலும் இருந்தது.

ரோபான் கஞ்சியை வாயருகே கொண்டுபோனான், குடிக்காமல் கீழே வைத்தான்.

"நான் இல்லய்யா," என்றான். "இந்த வாட்டி நான் இல்ல."

சிகாமணிக்கு அந்தக் கழுத்தை நெரிக்க வேண்டும்போல இருந்தது. இரண்டு கையும் மேஜைமேல் எழுந்தன. நெரித்தால் இவனுக்கு மட்டுமே வலிக்கும், தனக்கு ஒரு துளியும் வலிக்காது, அவ்வளவு சுலபமாகிவிட்டது எல்லாம் என்று நினைத்தபோது கைகள் மேஜைமேலேயே கிடந்தன.

"குடி," என்றார். "ஆறிரும்."

அவன் குடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு எழுந்து குழாயடிக்குப் போனார். திட்டின்மேல் நாயகத்தின் தட்டு இருந்தது, எத்தனையோ நாள் சோறும் குழம்பும் அடுக்கடுக்காய்க் காய்ந்து பனங்கொட்டை மாதிரி இறுகிப்போய். அதைத் தண்ணீரில் ஊறப்போட்டார். தேங்காய்நாரில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு உள்ளங்கை முழுக்க அதைப் பிடித்து, அந்த நெளிவைத் தேடிக் கண்டுபிடித்து, பருக்கை ஒட்டும் ஓரத்தைத் தேடிக் கண்டுபிடித்து, தகரம் தெரியும்வரை தேய்த்தார். வெகுநேரம் ஆனது. சாப்பிட்டு முடித்தவர்கள் தங்கள் தங்கள் தட்டோடு பின்னால் வரிசையில் நின்றார்கள், யாரும் அவரை நகரச் சொல்லவில்லை. கழுவின தட்டை வெயிலில் கவிழ்த்து வைத்தார்.

வரிசையில் முதலாவதாக நின்றவன் ரோபான். தட்டை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தான்.

"குடு."

"வேண்டாம்யா. நானே..."

"குடுல."

சிகாமணி அதை வாங்கி, ஒட்டியிருந்த கஞ்சியை விரலால் வழித்துக் காக்கைக்குப் போட்டுவிட்டு, குழாயைத் திறந்தார்.